ஜெர்மானியக் கடல்வணிகர் உண்மையில் என்ன செய்தார்? கொடெஃப்ருவா நிறுவனத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கடல்வணிகர் என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் நினைவுக்கு வருகிறது. கோட்டை, சிப்பாய்கள், வரிவசூல், பிறகு ஆட்சி என்ற வரிசையில் அந்த வரலாற்றைப் பள்ளியிலேயே படித்துவிட்டதால், ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வணிகம் செய்த எவரையும் அதே அச்சில் வார்த்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. ஆகவே ஜெர்மானிய வணிகரைப் பற்றிப் பேச்சு வரும்போது, அவர் ஜெர்மன் அரசு அனுப்பிய ஆள் என்று ஒருவர் சொல்வார். கப்பலில் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்ற மாலுமி என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு சித்திரங்களும் பிழையானவை. பெயர் தெரிந்த ஒரு வணிகரையும் அவருடைய நிறுவனத்தையும் தொடர்ந்து சென்றால், அந்த வாழ்க்கை எப்படி இயங்கியது என்பது தெளிவாகும். அவர் ஹாம்பர்க் நகரத்து யோஹான் சேசர் கொடெஃப்ருவா (1813–1885). பசிபிக் தீவுகளில் அவருடைய நிறுவனத்துக்கு இருந்த செல்வாக்கினால் 'தென்கடலின் அரசர்' என்று அவரை அழைத்தார்கள்.

ஜெர்மனி என்ற நாடு இல்லாத காலம்

கொடெஃப்ருவா வளர்ந்த காலத்தில் இன்று நாம் அறிந்த ஜெர்மனி இல்லை. பல அரசுகளும் சிற்றரசுகளும், தம்மைத் தாமே ஆண்டுகொண்ட சில நகரங்களும் இருந்தன. ஹாம்பர்க், பிரேமன், லூபெக் ஆகியவை அத்தகைய தன்னாட்சி நகரங்கள். வட ஐரோப்பாவின் பழைய வணிக நகரக் கூட்டணி ஒன்றின் பெயரால் இவற்றை ஹன்சா நகரங்கள் என்பார்கள். ஹாம்பர்க்கை ஆண்ட செனட் சபையில் வணிகர்களும் வழக்கறிஞர்களும் அமர்ந்திருந்தார்கள், மன்னர் கிடையாது. ஜெர்மன் பேரரசு 1871இல்தான் உருவாயிற்று. அதன் முதல் குடியேற்ற நாடுகள் 1884இல்தான் கைப்பற்றப்பட்டன.

ஹாம்பர்க்கின் வணிகக் கப்பல்கள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தென் அமெரிக்காவின் துறைமுகங்களுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் சீனாவுக்கும் போய்வந்தன. அந்தக் கப்பல்களுக்குப் பின்னால் பேரரசு எதுவும் நிற்கவில்லை. ஹாம்பர்க்கிடம் தொலைகடலுக்கு அனுப்பக்கூடிய போர்க்கப்பல்களும் இல்லை. பிற வல்லரசுகள் திறந்து வைத்த துறைமுகங்களில் அந்நகர வணிகர்கள் விருந்தாளிகளாகவே நுழைந்தார்கள். நகரத்தின் சார்பாக ஒப்பமிடவும் முத்திரையிடவும் ஓர் ஆள் தேவைப்பட்டபோது, அந்தத் துறைமுகத்தில் ஏற்கெனவே கடை வைத்திருந்த வணிகரையே கௌரவத் தூதராக நியமிப்பது வழக்கம். ஆகவே தூதரும் வணிகரும் ஒரே மேசையில் ஒரே ஆளாக அமர்ந்திருந்தார்கள். இந்த இரட்டை வேடம் பின்னால் பசிபிக்கின் சமோவா தீவுகளில் என்ன செய்தது என்பதைப் பார்ப்போம்.

கணக்கறையில் வளரும் பையன்

கொடெஃப்ருவா குடும்பத்தினர் பிரான்சின் லா ரோஷெல் நகரத்திலிருந்து, சமயக் காரணங்களால் வெளியேறிய புராட்டஸ்டன்டு கிறித்தவர்கள். ஹாம்பர்க்கில் அவர்களுடைய நிறுவனம் 1766இல் தொடங்கப்பட்டது. நாம் பேசும் கொடெஃப்ருவா 1845இல் தந்தை இறந்தபின் அதன் தலைவரானார். தலைமுறை தலைமுறையாக மூத்த மகனுக்கு அதே பெயரை வைத்து வந்ததால், இவரை ஆறாம் யோஹான் சேசர் என்று எண்ணிட்டுச் சொல்வதும் உண்டு.

வணிகரின் அலுவலகத்தை ஹாம்பர்க்கில் கோன்டோர் என்பார்கள். கணக்கறை என்று நாம் சொல்லலாம். அந்நகரத்துப் பழைய வணிகர் வீட்டில் தெருப்பக்கம் கணக்கறையும் குடியிருப்பும், பின்பக்கம் கால்வாயை ஒட்டிக் கிடங்கும் இருக்கும். படகு கால்வாயில் வந்து நிற்க, கிடங்கின் உச்சியிலுள்ள கப்பியில் கயிற்றைப் போட்டு மூட்டைகளை மேலே இழுப்பார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் இந்தக் கணக்கறையில் பயிற்சியாளனாகச் சேர்வான். அவனுடைய முதல் வேலை பெரும்பாலும் கடிதங்களைப் படியெடுப்பதாக இருக்கும். எழுதி முடித்த கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து, இரும்பு அழுத்துப்பொறியில் இறுக்கினால், மையின் ஒரு பகுதி அந்தத் தாளில் ஏறும். எழுத்து அதில் இடவலம் மாறிப் பதிந்தாலும், தாள் மெல்லியது என்பதால் பின்புறமாகப் புரட்டி நேராகவே படித்துவிடலாம். இப்படிப் பதிந்த தாள்கள் தேதிவாரியாகப் புத்தகமாகத் தைக்கப்பட்டிருக்கும். நிறுவனம் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தது என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி என்பதால், படியெடுக்கும் பையன் அதைப் படித்தே வணிகத்தைக் கற்றுக்கொண்டான்.

பயிற்சி முடிந்தவன் எழுத்தராவான். ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் தேறினால் வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்பப்படுவான். அங்கே சில ஆண்டுகள் ஒழுங்காக நடந்துகொண்டவனுக்கு ப்ரோகூரா என்ற அதிகாரம் கிடைக்கும். முதலாளியின் பெயரால் கையெழுத்திட்டு அவரைக் கட்டுப்படுத்தக்கூடிய, பதிவு செய்யப்பட்ட உரிமை அது. கூட்டாளியாகி, கையில் பணத்தோடு ஹாம்பர்க்குக்குத் திரும்பி, எல்பா ஆற்றங்கரையில் தோட்டவீடு கட்டிக்கொள்வதே அந்தப் பையனின் கனவு. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நிறுவனங்கள் தம் ஆட்களைக் குறிப்பிட்ட கெடுவுக்கு அனுப்பி, கணக்கு முடித்து வரவழைத்த முறையை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விளங்குவது எளிது. இரண்டிலும் முதலாளி ஊரில் இருக்கிறார். ஆள் கடல் கடந்து இருக்கிறான். இடையில் இருப்பது கணக்குப் புத்தகமும் நம்பிக்கையும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். ஜெர்மானியக் கடல்வணிகர் என்பவர் ஒரு நகரத்தின் குடிமகன். அவருடைய வேலை நடந்த இடம் கணக்கறை. கப்பலை ஓட்டுவது கேப்டனின் வேலை, தொலைவில் விற்பது கிளைப் பொறுப்பாளரின் வேலை. மையத்திலிருந்த வணிகர் செய்தது என்ன என்பதை இனிப் பார்ப்போம்.

ரிட்டர்ன் லோடு கிடைக்குமா?

நாமக்கல் பக்கத்து லாரி உரிமையாளரிடம் கேட்டால், தொழிலின் லாபம் போகும் பாரத்தைவிட வரும் பாரத்தில்தான் இருக்கிறது என்பார். மும்பைக்குச் சரக்கு ஏற்றிய வண்டி அங்கிருந்து வெறுமனே திரும்பினால், டீசல் செலவே முதலை விழுங்கிவிடும். 'ரிட்டர்ன் லோடு' கிடைக்கும்வரை ஓட்டுநர் காத்துக் கிடப்பதும் அதனால்தான். கடல்வணிகத்தின் முதல் கணக்கும் இதுவே.

கொடெஃப்ருவாவின் முன்னோர் லினன் துணியை அட்லாண்டிக்குக்கு அப்பால் அனுப்பி, சர்க்கரை போன்றவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இவர் காலத்தில் பார்வை பசிபிக் கடலை நோக்கித் திரும்பியது. சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தில் நிறுவனத்தின் கிளை இருந்தது. 1848இல் கலிஃபோர்னியாவிலும் 1851இல் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டபோது, கடல் கடந்து குடியேற விரும்பிய ஜெர்மானிய ஏழைகளும் நடுத்தரத்தாரும் துறைமுகத்தில் குவிந்தார்கள். கொடெஃப்ருவாவின் கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போயின. போகும் பாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் மனிதரை இறக்கிவிட்ட கப்பல் எதை ஏற்றிக்கொண்டு திரும்புவது? இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களை வைத்திருந்த ஒருவருக்கு இந்தக் கேள்வி நாள்தோறும் எழுந்திருக்கும். அதற்குக் கிடைத்த விடை, நமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருள். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், பணம் எப்படி நகர்ந்தது என்பதை விளக்கியாக வேண்டும். ஏனெனில் பலரும் தடுமாறும் இடம் அதுதான்.

பணம் எங்கிருந்து வந்தது: மாற்றுச் சீட்டு

சரக்கு ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பி, தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி, பசிபிக் தீவுகளில் விற்று, அங்கே வாங்கிய சரக்கு ஐரோப்பா வந்து சேர்ந்து காசாக ஓராண்டுக்கு மேல் ஆகும். பனாமா கால்வாய் 1914இல்தான் திறக்கப்பட்டது. துணி நெய்தவரோ கத்தி வடித்தவரோ அத்தனை காலம் காத்திருக்க மாட்டார். அவருக்கு இன்றே பணம் வேண்டும். வணிகரிடம் இன்று பணம் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பிய கருவிதான் மாற்றுச் சீட்டு. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட தொகையை, சீட்டை வைத்திருப்பவருக்குக் கொடுக்கும்படி ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் கட்டளை என்று இதை வரையறுக்கலாம். நம் வணிகர்கள் உண்டியல் என்று வழங்கியதும் இதன் உறவுதான்.

எடுத்துக்காட்டாக, ஹாம்பர்க் வணிகர் மான்செஸ்டர் ஆலைக்காரரிடம் ஆயிரம் பவுண்டுக்குத் துணி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹாம்பர்க் வணிகர் பெயரை ஆலைக்காரர் அறியமாட்டார். ஆனால் லண்டனிலுள்ள பெரிய நிதி நிறுவனம் ஒன்று அவரை அறியும். ஆகவே ஆலைக்காரர் ஒரு துண்டுத் தாளில், 'இன்றிலிருந்து மூன்று மாதத்தில் எம் ஆணைப்படி ஆயிரம் பவுண்டு கொடுக்கவும்' என்று அந்த லண்டன் நிறுவனத்தின் பேருக்கு எழுதுகிறார். லண்டன் நிறுவனத்தார் தாளின் முகப்பில் குறுக்காக 'ஏற்றோம்' என்று எழுதிக் கையெழுத்திட்ட கணத்தில் அந்தத் தாளின் தன்மை மாறிவிடுகிறது. இப்போது அதன் பின்னால் நிற்பது ஊர் பேர் தெரியாத வணிகரின் வாக்கு மட்டுமில்லை. லண்டன் முழுதும் அறிந்த ஒரு பெயரும் நிற்கிறது. ஆலைக்காரர் மூன்று மாதம் காத்திராமல் அதைச் சந்தையில் விற்றுவிடலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால், பன்னிரண்டரை பவுண்டு கழித்துக்கொண்டு மீதியை உடனே தந்துவிடுவார்கள். இந்தக் கழிவுக்குத்தான் தள்ளுபடி என்று பெயர். வாங்கியவர் தேவைப்பட்டால் பின்புறம் கையெழுத்திட்டு இன்னொருவருக்குக் கைமாற்றலாம். அப்படிக் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும், கடைசியில் பணம் வராவிட்டால் பொறுப்பேற்க வேண்டும்.

இந்தத் துண்டுத் தாளின் இன்னொரு விவரம் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். கடல் கடந்து அனுப்பும் சீட்டை ஒரே படியாக எழுத மாட்டார்கள். 'முதல் சீட்டு', 'இரண்டாம் சீட்டு' என்று படிகள் எழுதி, வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். முதல் சீட்டில் 'இரண்டாவதற்குப் பணம் தராதிருந்தால் இதற்குத் தருக' என்ற வாசகமும், இரண்டாவதில் அதற்கு எதிர்வாசகமும் இருக்கும். ஒரு கப்பல் மூழ்கினாலும் கடன் மூழ்காது.

ஹாம்பர்க்குக்கு உள்ளேயும் நாணயம் அதிகம் கைமாறவில்லை. 1619இல் நிறுவப்பட்ட ஹாம்பர்க் வங்கியில் வணிகர்கள் வெள்ளியைச் செலுத்தி, அதற்கு ஈடாக மார்க் பாங்கோ என்ற கணக்குப் பணத்தைப் பெற்றார்கள். அந்தப் பெயரில் அச்சடித்த நாணயம் எதுவும் இல்லை. வங்கிப் புத்தகத்தில் ஒருவர் பெயரில் குறைத்து இன்னொருவர் பெயரில் கூட்டுவதே பணம் செலுத்துவது. இன்று கைப்பேசியில் பணம் அனுப்பும்போது நடப்பதும் ஏறத்தாழ இதுதான். பேரரசின் புதிய மார்க் நாணயம் வந்தபின், 1875ஆம் ஆண்டோடு அந்த வங்கியின் தனி வாழ்வு முடிந்தது.

இப்போது ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். சீட்டின் கெடு மூன்று மாதம். கப்பலின் சுற்று ஓராண்டு. முதல் சீட்டின் கெடு வரும்போது கப்பல் திரும்பியிருக்காது. ஆகவே இரண்டாவது சீட்டு எழுதி முதல் சீட்டை அடைப்பார்கள், மூன்றாவதால் இரண்டாவதை அடைப்பார்கள். புதுச் சீட்டை வாங்க ஆள் இருக்கும்வரை சக்கரம் சுழலும். 1857இல் நியூயார்க்கில் தொடங்கிய நிதி நெருக்கடி அந்த ஆண்டின் இறுதியில் ஹாம்பர்க்கை அடைந்தபோது, ஒருவர் கையெழுத்தை ஒருவர் நம்ப மறுத்தார்கள். கிடங்கு நிறையச் சரக்கு வைத்திருந்தவர்களும் கெடு நாளில் பணமின்றித் தவித்தார்கள். கடைசியில் ஆஸ்திரியா கடனாகக் கொடுத்த பத்து மில்லியன் மார்க் பாங்கோ மதிப்புள்ள வெள்ளி ரயிலில் ஏற்றப்பட்டு வந்துசேர்ந்த பிறகே நகரம் மூச்சுவிட்டது.

ஆகவே கடல்வணிகர் உண்மையில் கையாண்ட சரக்கு காலம் என்றே நான் சொல்வேன். பிறர் தந்த நம்பிக்கையைக் கொண்டு, சரக்கு கிளம்பிய நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையே அவர் பாலம் கட்டினார். துணியும் கோடரியும் கொப்பரையும் அந்தப் பாலத்தின் மேல் நடந்தன.

கடிதம் போய்ச் சேரும் வேகம்

தந்தி ஆஸ்திரேலியாவை 1872இல் எட்டியது; பசிபிக்கின் நடுவே ஃபிஜி தீவுக்குக் கடலடிக் கம்பி வந்தது 1902இல்தான். கொடெஃப்ருவா காலத்தில் சமோவாவுக்கு எழுதிய கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். ஆகவே கிளைப் பொறுப்பாளர் உத்தரவுக்குக் காத்திருக்க முடியாது. விலை குறைந்ததா, அரசர் மாறினாரா, போர் மூண்டதா என்று பார்த்து அவரே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு சரியா தவறா என்பது முதலாளிக்குத் தெரிவதற்குள் அடுத்த ஆண்டின் பருவம் வந்துவிடும். நல்ல ஆளைத் தேர்ந்தெடுப்பதே முதலாளியின் முதல் திறமையாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

கொப்பரை

வால்பரைசோ கிளையின் பொறுப்பாளர் அகஸ்ட் உன்ஷெல்ம் 1857இல் சமோவாவின் அப்பியா துறைமுகத்தில் நிறுவனத்தின் நிலையத்தைத் தொடங்கினார். தீவுகளில் பெருமளவில் கிடைத்தது தேங்காய். முதலில் ஐரோப்பியர்கள் வாங்கியது தேங்காய் எண்ணெயைத்தான். தீவு மக்கள் தேங்காயைத் துருவி வெயிலில் வைத்து எண்ணெயை வடிய விடுவார்கள். அந்த எண்ணெய் பீப்பாயில் நிரம்பி, வெப்பமண்டலத்தைக் கடந்து மாதக்கணக்கில் பயணம் செய்யும்போது காறிப்போகும், பீப்பாய்கள் ஒழுகும். வெறும் பீப்பாய்களை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரவும் இடம் வேண்டும்.

1864இல் உன்ஷெல்ம் கடலில் மறைந்தபின், இருபது வயதை ஒட்டிய தியோடர் வேபர் என்ற இளைஞர் பொறுப்பேற்றார். எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய்ப் பருப்பையே உலர்த்தி அனுப்பும் முறையைப் பசிபிக்கில் பெருந்தொழிலாக்கியவர் அவர். காங்கேயத்து உலர்களங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடைத்த தேங்காய் மூடிகளை வெயிலைப் பார்த்துக் கவிழ்க்காமல் வரிசையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். இரண்டொரு நாளில் பருப்பு சுருங்கிச் சிரட்டையை விட்டுப் பிரியும். பெண்கள் அமர்ந்து அதைத் தோண்டியெடுத்து மறுபடியும் காயவைப்பார்கள். ஈரம் போதிய அளவு வற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாக வற்றிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வழங்கும் 'கொப்ரா' என்ற சொல்லே மலையாளத்திலும் தமிழிலும் உள்ள கொப்பரையிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனதுதான். மலபார்க் கரையில் பலகாலமாகப் பழகிய ஒரு தொழிலறிவு, பெயரோடு சேர்ந்து பசிபிக்கில் புதுவாழ்வு பெற்றது என்று சொன்னால் தவறாகாது.

இந்த மாற்றத்தின் அருமையை வணிகக் கண்ணோடு பாருங்கள். கொப்பரைக்குப் பீப்பாய் தேவையில்லை, அப்படியே கப்பலின் வயிற்றில் கொட்டலாம். ஐரோப்பிய ஆலையில் பிழிந்த எண்ணெய் சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் போகும். பிழிந்தபின் மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுத் தீவனமாக விற்கும். எண்ணெயாக அனுப்பினால் இந்தப் புண்ணாக்கின் காசு தீவிலேயே கிடந்து அழுகியிருக்கும். ஆஸ்திரேலியாவில் குடியேறிகளை இறக்கிவிட்டு வெறுமனே நின்ற கப்பலுக்கு 'ரிட்டர்ன் லோடு' கிடைத்துவிட்டது. டோங்கா, யாப், மார்ஷல் தீவுகள் என்று கொடெஃப்ருவாவின் நிலையங்கள் பரவின. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சிறு கடை. அதில் துணி, கத்தி, கோடரி, புகையிலை. வெளியே கொப்பரைக் கிடங்கு. தீவு மக்களுக்குக் கடையில் சரக்கைக் கடனாகக் கொடுத்து, வரப்போகும் கொப்பரையில் கழித்துக்கொள்வார்கள். லண்டனிலிருந்து கிளம்பிய கடன் சங்கிலியின் கடைசிக் கண்ணி, பவளத்தீவில் தேங்காய் உடைக்கும் குடும்பத்தின் கையில் இருந்தது.

நிலமும் ஆட்களும்

கொப்பரையை வாங்குவதோடு நின்றிருந்தால் கதை வேறுவிதமாகப் போயிருக்கும். வேபர் சொந்தத் தோட்டங்களை விரும்பினார். 1869இல் தொடங்கிச் சமோவாவின் தலைவர்களுக்குள் நடந்த போரில், துப்பாக்கியும் உணவும் தேவைப்பட்டவர்கள் நிலத்தை மலிவாக எழுதிக் கொடுத்தார்கள். உபோலு தீவின் மேற்கு முனையிலுள்ள முலிஃபானுவாவில் பெரிய தென்னந்தோட்டம் எழுந்தது. சமோவா மக்களுக்குச் சொந்த நிலமும் தென்னையும் இருந்ததால், அன்னியர் தோட்டத்தில் கூலிக்கு நிற்க அவர்கள் முன்வரவில்லை. ஆகவே கில்பர்ட் தீவுகள், சாலமன் தீவுகள், நியூகினியை அடுத்த தீவுகள் ஆகியவற்றிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கிய ஒப்பந்தம் எவ்வளவு தூரம் ஒப்பந்தமாகும் என்பதை, கண்டியிலும் மலேயாவிலும் தம் முன்னோர் பட்டதைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலர் நோயில் மாண்டார்கள்.

இந்த ஆண்டுகளில் வேபர் நிறுவனத்தின் பொறுப்பாளராக மட்டும் இருக்கவில்லை. முதலில் ஹாம்பர்க்கின் தூதராகவும், பிறகு வட ஜெர்மன் கூட்டமைப்பின் தூதராகவும், 1871க்குப் பின் பேரரசின் தூதராகவும் அவரே இருந்தார். நிலத்தைக் குறித்து நிறுவனத்துக்கும் தீவுக்காரருக்கும் வழக்கு வந்தால், நிறுவனத்தின் தரப்பை அரசிடம் எடுத்துச் சொல்பவரும் அவரே. முன்பு சொன்ன இரட்டை வேடத்தின் விளைவு இதுதான். அரசு வணிகரை ஏவியது என்று பலரும் நினைக்கிறார்கள். சமோவாவில் பெரும்பாலும் வணிகரே அரசின் குரலில் பேசினார்.

கப்பலில் வந்த பறவைகள்

ஹாம்பர்க்கில் கொடெஃப்ருவா 1861இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார். தம் கப்பல் கேப்டன்களிடம் சிப்பி, பறவை, மீன் போன்றவற்றைக் கொண்டுவரச் சொன்னதோடு, சம்பளம் கொடுத்துச் சேகரிப்பாளர்களையும் அனுப்பினார். அவர்களில் அமாலி டீட்ரிஷ் என்ற பெண் 1863 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தனியாகத் திரிந்து தாவரங்களையும் உயிரினங்களையும் சேகரித்தார். அவர் அனுப்பிய பெட்டிகளில் பழங்குடி மக்களின் எலும்புக்கூடுகளும் இருந்தன. மிகையான மாதிரிகளை விலைப்பட்டியல் அச்சிட்டுப் பிற அருங்காட்சியகங்களுக்கு விற்றார்கள். அறிவியல் ஆர்வம் உண்மையானதுதான். ஆனால் அதுவும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கமாகவே நடந்தது.

1879 டிசம்பர் 1

கொடெஃப்ருவா வீழ்ந்ததற்குக் கொப்பரை காரணமில்லை. தென்கடல் வணிகம் லாபம் தந்துகொண்டுதான் இருந்தது. அவர் பணத்தை முடக்கிய இடங்கள் வேறு. மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியிலிருந்த சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் பெருந்தொகையைப் போட்டிருந்தார். 1870இல் பிரான்சோடு போர் மூண்டபோது, பிரெஞ்சுக் கடற்படை வடகடல் துறைமுகங்களை அடைத்ததால் கப்பல்கள் முடங்கின. 1873இல் பங்குச்சந்தை சரிந்ததும் சுரங்கப் பங்குகளின் விலை விழுந்தது.

முன்பு படித்த மாற்றுச் சீட்டை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கப்பல் சரக்கு ஓராண்டில் காசாகும். ஆகவே நான்கு ஐந்து முறை சீட்டைப் புதுப்பித்தால் தாக்குப்பிடிக்கலாம். சுரங்கம் காசாகப் பத்தாண்டு ஆகும். தென்னங்கன்று காய்க்கவே ஏழெட்டு ஆண்டு ஆகும். மூன்று மாதக் கெடுவுள்ள தாளை ஊன்றுகோலாகக் கொண்டு பத்தாண்டுத் தூரத்தை அவர் நடக்க முயன்றார். 1878இல் தென்கடல் சொத்துகளை மட்டும் தனியே பிரித்து ஒரு பங்கு நிறுவனமாக்கினார். தாய் நிறுவனம் மூழ்கினாலும் தோட்டங்கள் தப்பட்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆனால் அந்தப் பங்குகளையும் லண்டனின் பேரிங் வங்கி நிறுவனத்திடம் அடகு வைக்க நேர்ந்தது. 1879 டிசம்பர் 1ஆம் நாள், 113 ஆண்டுப் பழமையான அந்த நிறுவனம் தன்னால் பணம் செலுத்த இயலாது என்று அறிவித்தது.

ஜெர்மன் தோட்டங்கள் ஆங்கிலேயர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தில், புதிய நிறுவனம் ஒன்று அவற்றை மீட்டு நடத்தவும், அதன் பங்காதாயத்துக்கு அரசு உத்தரவாதம் தரவும் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் ஒரு மசோதா கொண்டுவந்தார். வணிகரின் நட்டத்தை மக்கள் வரிப்பணத்தால் ஈடுகட்டுவதா என்று கேட்டு லூட்விக் பாம்பெர்கர் போன்ற தாராளவாதிகள் எதிர்த்தார்கள். 1880 ஏப்ரலில் 128க்கு 112 என்ற வாக்குகளில் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அச்சில் இந்த வணிகரை வார்க்க முடியாது என்று நான் சொல்வதற்கு இந்த வாக்கெடுப்பைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கொடி வந்தபோது

ஆயினும் தோட்டங்கள் கைமாறவில்லை. பங்கு நிறுவனம் ஹாம்பர்க் வங்கியாளர்களின் துணையோடு பிழைத்துக்கொண்டது. 1885இல் கொடெஃப்ருவா இறந்தார். அதே ஆண்டில் அருங்காட்சியகத்தின் தீவுப் பண்பாட்டுப் பொருள்கள் லைப்ஸிக் நகரத்துக்கு விற்கப்பட்டன. அவருடைய அருங்காட்சியகம் இருந்த வாண்ட்ராம் தெருப் பகுதியை, புதிய கிடங்கு நகருக்காக அந்தப் பத்தாண்டிலேயே இடித்துத் தள்ளினார்கள்.

மேற்குச் சமோவாவில் ஜெர்மன் கொடி ஏற்றப்பட்டது 1900 மார்ச் 1ஆம் நாள். உன்ஷெல்ம் அங்கே நிலையம் தொடங்கி 43 ஆண்டுகள் கழித்து. அந்தக் கொடி பதினான்கு ஆண்டுகள் மட்டுமே பறந்தது. முதல் உலகப்போர் மூண்டதும், 1914 ஆகஸ்டு இறுதியில் நியூசிலாந்துப் படை இறங்கியது. போருக்குப்பின் முலிஃபானுவா உள்ளிட்ட ஜெர்மன் தோட்டங்கள் 'இழப்பீட்டுத் தோட்டங்கள்' என்ற பெயரில் நியூசிலாந்து அரசின் சொத்தாயின. ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோரைச் சொந்தத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். ஒரு சிலர் போகவில்லை. சமோவா மக்கள் 'தாமா உலி' என்று அழைத்த அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் உபோலுவில் வாழ்கிறார்கள்.